சீஸிங் வண்டியும் சில பழைய படங்களும்

2007ஆம் ஆண்டு, கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. விடுதியில் மூன்று பேர் தங்கும் அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம். கட்டிலில் நாலு பேர், தரையில் ஆறு பேர், ஒருவன் ஜன்னல் திட்டில். மேசைமேல் பதினைந்து இன்ச் லேப்டாப். படம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ பேசினால் நான்கு விநாடி கழித்துத்தான் சப்டைட்டில் வருகிறது. ஒரு பாட்டி திட்டு வாங்குகிறாள், அந்தத் திட்டு வந்து சேர்வதற்குள் காட்சி மாறி ஒரு பூனைக்குட்டி நிற்கிறது. பூனைக்குட்டி திட்டுவதுபோல இருக்க, எல்லாரும் சிரித்தோம். விஎல்சி ப்ளேயரில் ஜி, ஹெச் என்று இரண்டு பொத்தான்களை அழுத்தினால் இதைச் சரிசெய்துவிடலாம் என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. அறையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் ‘பதேர் பாஞ்சாலி’. ரயில் வருவதற்கு முன்பே நான் தூங்கிவிட்டேன்.

படம் போட்டவர் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு அண்ணன். அவரிடம் 250 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. மற்றவர்களின் ஹார்ட் டிஸ்கில் என்ன இருக்கும் என்று வாசகருக்குத் தெரியும். இவருடையதில் ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் நாடு நாடாகப் பிரித்து ஜப்பான், இத்தாலி, ஈரான், வங்காளம். எல்லாமே விடுதி லேனில் டிசி++ வழியாகச் சேர்த்தது. ஒவ்வொரு படமும் 700 எம்பி, ஒரு சிடிக்கு அளவு. திருட்டுப் பிரதிதான். அதைப் பற்றி அப்போது யாருக்கும் ஒரு உறுத்தலும் இல்லை. இன்று மாதச் சந்தா கட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் இருக்கிறது.

விளக்கைப் போட்டதும் அண்ணன் என்னைப் பார்த்து, “தூங்கறது தப்பில்ல, குறட்டை விடாத” என்றார்.

“படத்துல ஒண்ணுமே நடக்கலீங்ணா” என்றேன்.

“ஒரு பொண்ணு செத்துப் போச்சுடா.”

எனக்கு அது தெரியாது. அப்போது தூக்கத்தில் இருந்தேன்.

இத்தனைக்கும் நான் உலக சினிமா கேள்விப்படாதவன் இல்லை. ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடரை கரூரில் எங்கள் தெரு சலூனில் காத்திருந்து காத்திருந்து படித்தவன். முடி வெட்ட வேண்டிய அவசியம் இல்லாத வாரங்களிலும் போவேன். அதில் படத்தின் கதையை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை சொல்லிவிடுவார். படித்துவிட்டு அழுதிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலரும் இப்படி, படங்களைப் பார்ப்பதற்குச் சில வருடங்கள் முன்பே அவற்றைப் படித்து முடித்தவர்கள்தான். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. பக்கத்தில் வேகமாக ஓடிய கதை திரையில் நகரவே மாட்டேன் என்றது. ஒரு வரியில் ‘மழை வருகிறது’ என்று படித்த இடத்தில், திரையில் முதலில் குளத்து நீரின் மேல் பூச்சிகள் திரிகின்றன, பிறகு தாமரை இலை ஆடுகிறது, பிறகு ஒரு ஆளின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுகிறது. எனக்குக் கதைதான் தெரிந்திருந்தது, அது முன்பே தெரிந்துவிட்டதால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

இன்னொரு பிரச்சினை இடைவேளை. அதே வருடம் ஜூனில் ‘சிவாஜி’ முதல் நாள் பார்த்திருந்தோம். எங்கள் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, எழுபத்தைந்து நிமிடம் ஆனால் ஏதாவது வெடிக்க வேண்டும், முறைக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். இந்தப் படங்களில் எழுபத்தைந்தாவது நிமிடத்தில் யாராவது சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எப்போது எழுந்து போய் ஒண்ணுக்கு அடிப்பது என்றே தெரியாது.

நாங்கள் தூங்குவதைப் பார்த்து அண்ணன் வழியை மாற்றினார். “உங்களுக்கெல்லாம் குறும்படம்தான் லாயக்கு.” பாராட்டாகச் சொல்லவில்லை.

அப்படித்தான் ‘லா ஜெட்டே’ பார்த்தோம். கிறிஸ் மார்க்கர் 1962இல் எடுத்த பிரெஞ்சுப் படம், 28 நிமிடம். முதல் படம் வந்தது, அசையவில்லை. ஒரு விமான நிலையம். குரல் மட்டும் பேசிக்கொண்டே போகிறது. நான் கை நீட்டி ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். அண்ணன் என் கையில் ஒரு அடி வைத்தார். லேப்டாப் ஹேங் ஆகவில்லை, படமே அப்படித்தானாம், முழுக்கப் புகைப்படங்கள். உலகப் போர் முடிந்து பாரிஸ் அழிந்துவிட்டது, பூமிக்கு அடியில் வாழ்கிறவர்கள் ஒரு கைதியைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். சின்ன வயதில் விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண்ணின் முகம் அவன் மனதில் அழுத்தமாக இருக்கிறது என்பதுதான் அவனைத் தேர்ந்தெடுக்கக் காரணம். பத்து நிமிடத்தில் படங்கள் அசையாதது எனக்கு மறந்தே போயிற்று. அப்புறம் அந்தப் பெண் படுக்கையில் தூங்குகிற புகைப்படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து வருகின்றன. பறவைச் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. திடீரென்று அவள் கண் திறந்து இமைக்கிறாள்.

சில விநாடிதான். படம் முழுவதிலும் அசைவது அது ஒன்று மட்டும். ஜன்னல் திட்டில் இருந்தவன் “யப்பா” என்றான். அதுவரை நான் பார்த்திருந்த ஆயிரக்கணக்கான மணி நேரப் படங்களில் எல்லாமே அசைந்துகொண்டிருந்தது, அசைவு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. “மறுபடி போடுங்ணா” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்தது கியாரோஸ்தமியின் முதல் படம், ‘ரொட்டியும் சந்தும்’, 1970. பத்து நிமிடம் சொச்சம். ஒரு பையன் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான், சந்தில் ஒரு நாய் நிற்கிறது. இவ்வளவுதான் கதை. பையன் நிற்கிறான், யாராவது வருவார்களா என்று பார்க்கிறான். காது கேட்கும் கருவி மாட்டிய ஒரு கிழவர் வருகிறார், அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடக்கிறான். கிழவர் நாய்க்கு முன்பே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து நாய்க்குப் போடுகிறான், நாய் சிநேகமாகி வீடுவரை கூட வருகிறது. கதவு சாத்தப்பட்டதும் நாய் அங்கேயே படுத்துக்கொள்கிறது. அப்போது கையில் கிண்ணத்தோடு இன்னொரு பையன் அந்தச் சந்துக்குள் வருகிறான். பதினோரு பேரும் ‘டேய் டேய்’ என்று கத்தினோம். ரஜினி படத்துக்கு இடும் சத்தத்தில் பாதியாவது இருக்கும். நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போகாதவன் யார்?

சத்யஜித் ராயின் ‘டூ’வையும் அந்த வாரமே பார்த்தோம். 1964, வசனமே கிடையாது, ஆகவே சப்டைட்டில் தொந்தரவும் இல்லை. மாடியில் பணக்காரப் பையன், கீழே குடிசைப் பையன். இவன் புல்லாங்குழல் ஊதினால் அவன் பொம்மை டிரம்பெட் ஊதுகிறான். இவன் பட்டம் விட்டால் அவன் துப்பாக்கியால் சுடுகிறான். எனக்கு அது கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ராயின் படத்தை விழித்திருந்து முழுதாகப் பார்த்துவிட்டேன் என்ற திருப்தி இருந்தது.

‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்தது மூன்றாம் செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸில். அறையில் ஐந்து பேர்தான். விட்டோரியோ டி சிகா, 1948. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் சலூனிலிருந்தே தெரியும். போருக்குப் பிந்தைய ரோம். அன்டோனியோவுக்கு போஸ்டர் ஒட்டுகிற வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிள் அடகில் இருக்கிறது.

அவன் மனைவி மரியா ஒன்றும் பேசாமல் கட்டிலில் இருந்த பெட்ஷீட்டை உருவுகிறாள். அலமாரியில் இருந்ததையும் எடுத்து மூட்டை கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பணம் வாங்கிய பிறகு அன்டோனியோ அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். ஒரு ஆள் அவர்களுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணிபோல இருக்கிற அலமாரியில் ஏறுகிறான். ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரைவரை பெட்ஷீட் மூட்டைகள்.

நான் கரூர்க்காரன். எங்கள் ஊரில் பெட்ஷீட் என்றால் சும்மா இல்லை. பஸ் பாடி கட்டுவது, கொசுவலை, பெட்ஷீட், இந்த மூன்றும்தான் ஊருக்குச் சோறு போடுகின்றன. என் அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு பீஸ் ரேட்டில் ஓரம் அடித்தார். காலையில் வீட்டுக்கு மூட்டை வரும், சாயந்திரம் போகும். ஜெர்மனிக்குப் போகிற பெட்ஷீட், தலையணை உறை, மேசை விரிப்பு. சாம்பார்வரை பஞ்சு பறக்கும். எங்கள் வீட்டுக் கட்டிலில் விரித்திருந்தது செக்கிங்கில் கழித்துப்போட்ட பீஸ். அந்தக் கூரை உயர அலமாரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, ‘இத்தனை பீஸுக்கு ஓரம் அடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்’ என்ற கணக்கு. துக்கம் அப்புறம் வந்தது. இத்தனை வீட்டுக் கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

இதை நான் படித்திருந்தேன், ‘பெட்ஷீட்டை அடகு வைத்து’ என்று. அதில் அலமாரியின் உயரம் இல்லை.

சைக்கிள் முதல் நாளே திருடு போகிறது. அப்பாவும் மகன் புரூனோவும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் தேடி ரோம் முழுவதும் நடக்கிறார்கள். நடுவில் ஒரு ஹோட்டல் காட்சி. கோபத்தில் மகனை அறைந்துவிட்ட அப்பா, அதைச் சரிக்கட்ட, வசதிக்கு மீறிய ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறான். புரூனோ ரொட்டிக்குள் இருக்கும் சீஸை நூலாக இழுத்துச் சாப்பிடுகிறான். பக்கத்து மேசையில் ஒரு பணக்காரப் பையன்.

அங்கே எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. வந்ததும் படத்தின் மீதியை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அதைச் சொல்ல அப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் யார் கேட்டாலும் ‘அப்பா ஃபைனான்ஸ்ல இருக்கறார்’ என்பேன். பொய் இல்லை. ஒரு தனியார் ஃபைனான்ஸில் வசூல் பார்த்தார். தவணை மூன்று மாதம் நின்றுபோனால் வண்டியைப் போய் எடுத்து வர வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு ‘சீஸ் பண்றது’ என்றுதான் பெயர். சீஸிங் வண்டிகள் ஊருக்கு வெளியே ஒரு கொடவுனில் வரிசையாக நிற்கும். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று அப்பாவுக்குச் சம்பளத்துக்கு மேல் கமிஷன் உண்டு. ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற ஜூன் மாதங்களில் அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவார்.

1997இல் ஒரு ஞாயிறு. எனக்கு ஒன்பது வயது. வழக்கமாகக் கூடப் போகிறவர் வரவில்லை என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று இன்றும் சரியாகத் தெரியாது, பையன் கூட இருந்தால் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அரவக்குறிச்சிவரை பஸ், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு கிராமம். சுற்றிலும் முருங்கைக் காடு. ஒரு டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, வர்க்கி வாங்கிக் கொடுத்து, “இங்கயே இரு கண்ணு, பத்து நிமிசத்துல வந்தர்றேன்” என்றார்.

நான் இருக்கவில்லை. வர்க்கியோடு பின்னாலேயே போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். ஓட்டு வீடு. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏதோ சொல்ல, அப்பா தலையாட்டினார். ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அப்பா குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதரே மாட்டுக் கொட்டகைக்குள் போய் டிவிஎஸ் 50ஐ உருட்டி வந்தார். முருங்கைக்காய்க் கட்டு ஏற்றுவதற்காகப் பின்னால் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. வாசலில் நிறுத்தியதும் தோளில் இருந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார். அப்பா உட்காரப் போகிற சீட்டை.

வாசற்படியில் என் வயசுப் பையன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமையும் யூனிஃபார்ம் டவுசர். அவன் வண்டியைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஓடிப்போய் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் பள்ளபட்டியில் அப்பா புரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தனியாக ஒரு ஆம்லெட், கேட்காமலே. அப்புறம் முப்பது கிலோமீட்டர் டிவிஎஸ் 50இல், முன்னால் நின்றுகொண்டு, முகத்தில் காற்று அடிக்க கரூர்வரை. எங்கள் வீட்டில் அப்போது வண்டி கிடையாது. அதுதான் அப்பாவோடு நான் போன முதல் நீண்ட பயணம். பல வருடங்கள் என்னிடம் யாராவது சின்ன வயதில் சந்தோஷமான நாள் எது என்று கேட்டிருந்தால் இந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன். வேப்பமரம் அதில் இல்லை. எங்கேயோ போயிருந்தது. புரூனோ சீஸை இழுத்தபோது திரும்பி வந்தது.

அன்டோனியோ கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடுவான். அதற்கு முன் மகன் கையில் காசு கொடுத்து ட்ராமில் ஏறிப் போய்க் காத்திருக்கச் சொல்வான். புரூனோ ட்ராமைத் தவறவிடுவான், அப்பாவைக் கூட்டம் விரட்டிப் பிடிப்பதைப் பார்ப்பான். அறையில் என் பக்கத்தில் இருந்தவன் மூக்கை உறிஞ்சினான். நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அந்த அப்பா சைக்கிள் இழந்தவர். என் அப்பா யார்?

அமெரிக்காவில் இந்தப் படத்தை ‘சைக்கிள் திருடன்’ என்று ஒருமையில் வெளியிட்டார்கள். இத்தாலியத் தலைப்பு பன்மை. ஒருமையில் வைத்தால் விரலை நீட்டுவது சுலபமாக இருந்திருக்கும். அந்த வயதில் எனக்கும் ஒருமைதான் தேவைப்பட்டது. உடனே ஒரு குறும்படம் எடுக்க முடிவு செய்தேன்.

எடுக்க இரண்டு வருடம் ஆனது. கடைசி ஆண்டில்தான் முடிந்தது. அப்போது கலைஞர் டிவியில் ‘நாளைய இயக்குநர்’ வந்துகொண்டிருந்த நேரம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அதிலிருந்துதான் வந்தார்கள். ஒவ்வொரு விடுதியிலும் அறைக்கு ஒரு இயக்குநர் இருந்தான். கல்ச்சுரல்ஸில் வருகிற குறும்படங்களில் பாதி காதல் தோல்வி, மீதி ரத்ததானம். எல்லாம் ஒரு திருக்குறளோடு முடியும். பின்னணிக்கு எல்லாரும் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டை எடுத்துப் போடுவார்கள். நானும் போட்டேன்.

என் படம் எட்டு நிமிடம். இரவல் ஹேண்டிகேம், விண்டோஸ் மூவி மேக்கர். ஒரு கூலித் தொழிலாளியின் வண்டியை ஃபைனான்ஸ்காரன் பிடுங்கிப் போகிறான். ஃபைனான்ஸ்காரனாக நடித்தவன் சிவில் டிபார்ட்மென்ட், ஆறடி, பெரிய மீசை. கதவை உதைத்துத் திறக்கிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான், அழுகிற பையனைத் தள்ளிவிட்டுப் போகிறான். இரண்டாம் பரிசு கிடைத்தது.

லீவுக்குப் போனபோது அப்பாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். ஏன் காட்டினேன்? பெருமைக்காக என்று அப்போது சொல்லியிருப்பேன். கொஞ்சம் தண்டனையாகவும் இருக்கட்டும் என்று உள்ளே நினைத்திருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டு நிமிடமும் அசையாமல் பார்த்தார்.

“நல்லா எடுத்திருக்கறீங்க” என்றார். பிறகு, “ஆனா நாங்க இப்படிச் சத்தம் போட மாட்டோம் தம்பி.”

நான் பேசவில்லை.

“சத்தம் போட்டா ஊரு கூடிரும். ஊரு கூடுனா வண்டி வராது. மெதுவாத்தான் பேசோணும். அவங்க தண்ணி குடுத்தா வாங்கிக் குடிச்சரோணும். குடிக்கலீன்னா அவங்களுக்குக் கோவம் வந்துரும்.” கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அந்தப் பையன் நல்லா நடிச்சிருக்கறான். யாரு, உங்கூடப் படிக்கறவனா?”

அந்த எட்டு நிமிடப் படம் இப்போது என்னிடம் இல்லை. எந்த ஹார்ட் டிஸ்கிலாவது இருந்தால் அழித்துவிடுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். படம் மோசம் என்பதற்காக இல்லை, மோசம்தான். வேப்பமரத்தடியிலிருந்து நான் கண்ணால் பார்த்ததில் ஒரு உதை இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சொம்புத் தண்ணீரும், துண்டால் துடைத்த சீட்டும்தான் இருந்தன. அதைப் பார்த்திருந்தும் மீசையைத் தேடிப் போனேன். டி சிகாவின் திருடனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், ஒண்டுக் குடித்தனம் இருக்கிறது, வலிப்பு வருகிறது. அன்டோனியோவாக நடித்த லம்பெர்த்தோ மஜோரானி ஒரு நிஜத் தொழிற்சாலைத் தொழிலாளி. படம் உலகம் முழுக்கப் போன பிறகு அவருக்கு அந்தத் தொழிற்சாலை வேலை நிலைக்கவில்லை. டி சிகாவிடம் கேரி கிராண்டை வைத்து எடுத்தால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் சொன்னாராம். நான் சிவில் டிபார்ட்மென்டின் கேரி கிராண்டைப் பிடித்து வந்திருந்தேன்.

‘பதேர் பாஞ்சாலி’யை இரண்டாவது முறை பார்த்தது வேலைக்குச் சேர்ந்து பெங்களூர் வந்த பிறகு. ராய் 1950இல் லண்டனில் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பார்த்துவிட்டுத்தான் தானும் இப்படி நடிகர் அல்லாதவர்களை வைத்து, வெளியில் போய்ப் படமெடுக்கலாம் என்று உறுதியானார் என்று படித்ததால் திரும்பப் போட்டேன். இந்த முறை தூங்கவில்லை. நாணல் பூக்களுக்கு நடுவே அக்காவும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடுகிற காட்சி வந்தது. ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடு தின்றுவிட்டதாம், திரும்பப் பூக்க ஒரு வருடம் காத்திருந்தார்கள். பணம் தீர்ந்து மேற்கு வங்க அரசு கொடுத்த காசு கணக்கில் சாலை மேம்பாட்டுக்கு என்று எழுதப்பட்டதாம், தலைப்பில் சாலை இருப்பதால். ப்ராஜெக்ட் மேனேஜர்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

துர்காவின்மேல் பக்கத்து வீட்டுக்காரி ஒரு திருட்டுப் பழி போடுவாள், மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று. துர்கா இல்லவே இல்லை என்பாள், அம்மாவிடம் அடி வாங்குவாள். பின்னால் துர்கா காய்ச்சலில் இறந்து போகிறாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பச் சாமான்களைக் கட்டும்போது, அலமாரியின் மேலே இருந்த கொட்டாங்குச்சியிலிருந்து தம்பி அப்புவின் கையில் அந்த மாலை கிடைக்கிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்ப் பாசி படர்ந்த குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது.

அந்த டிவிஎஸ் 50இல் பக்கவாட்டில் ஒரு பை தொங்கியது. பள்ளபட்டியில் அப்பா கை கழுவப் போனபோது நான் அதைத் திறந்து பார்த்தேன். இரண்டு கோட்டு நோட்டு ஒன்று, தலையில் ரப்பர் வைத்த புதுப் பென்சில் ஒன்று. கொடவுனில் அப்பா வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் எழுதினார்: டூல்ஸ் ஒரு செட், சைடு பேக் ஒன்று, கயிறு ஒன்று, நோட்டு ஒன்று. அப்பா ஒரு சாமானையும் விட மாட்டார். அவங்க தவணை கட்டி வண்டியத் திருப்பினா ஒண்ணுவிடாமத் திரும்பப் போகோணும் என்பார். பென்சில் அந்தத் தாளில் இல்லை. என் டவுசர் பையில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முழுக்க அதில்தான் எழுதினேன்.

என் ஊரில் குளம் எதுவும் பக்கத்தில் இல்லை. பென்சில் தேய்ந்துதான் தீர்ந்தது.

2020இல் ஊரடங்கு வந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரூருக்கு வந்துவிட்டேன். அப்பா வேலையை விட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடன் தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்த செய்தியை மூன்று சேனல்களில் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இப்ப இருந்திருந்தா நாங்க வசூலுக்கே போயிருக்க முடியாது” என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, வருத்தமாகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் பென் டிரைவைச் செருகி ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போட்டேன். சப்டைட்டில் இங்கிலீஷ், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதிலும் ஒரு நான்கு விநாடி தாமதம் இருந்திருக்கும்.

அடகுக் கடை வந்ததும், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். “அத்தனையும் பெட்ஷீட்டா? நிறுத்து, நிறுத்து.” நிறுத்தினேன். கிட்டப் போய் டிவி முன்னால் நின்று பார்த்தார். “கெட்டித் துணியாட்டந்தான் இருக்குது. கைல அடிச்ச ஓரமா இருக்கும்” என்றுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்பா படம் முழுக்க அன்டோனியோவைக் குறை சொன்னார். சைக்கிளுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாமல்லோ. முதல் நாள் வேலைக்குப் போறவன் சுவத்தோரமா கண்ணுல படறாப்புல நிறுத்தோணுமல்லோ. போலீஸ் ஸ்டேஷன் காட்சியில் மட்டும் சத்தமாகச் சிரித்தார். சைக்கிள் சந்தையில் சக்கரம் வேறு, மணி வேறு, ஃபிரேம் வேறு என்று பிரித்து விற்கிற இடத்தில், “கழட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது” என்று தொழில்காரராகத் தலையாட்டினார்.

கடைசிப் பகுதி வந்தது. ஸ்டேடியத்துக்கு வெளியே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். அன்டோனியோ மகன் கையில் காசைக் கொடுத்து ட்ராமில் போகச் சொல்கிறான். நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பா சொன்னார்:

“அவன் போக மாட்டான் பாரு.”

“எப்படீங்ப்பா தெரியும்?”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ டீக்கடையிலயே இருந்தியா என்ன?”

பென்சிலைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கூட்டம் அன்டோனியோவைப் பிடித்துவிட்டது. ஆளாளுக்குக் கத்துகிறார்கள், தொப்பி கீழே விழுகிறது, பையன் அழுதுகொண்டே ஓடி வருகிறான். அப்பா ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.